நல்ல அரசுக்கு வரம்பு எதற்கு?

தருமபுரி நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படித்துவரும் பாலக்கோட்டுத் தம்பி ஒருவர் சென்ற வாரம் என்னிடம் கேட்டார்: "ஐயா, மக்களுக்கு நல்லது செய்ய நினைக்கும் அரசின் கையை எதற்காகக் கட்ட வேண்டும்? தனிமனிதச் சுதந்திரம் என்பது வயிறு நிறைந்தவர்கள் பேசும் மேல்நாட்டுப் பேச்சு இல்லையா? நம் பக்கத்து மக்களுக்குச் சோறும் சாலையும்தானே முதலில் வேண்டும்?" நின்றபடியே நான் சொன்ன பதில் அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மாவட்டத்து நீதிமன்றங்களில் வழக்கு நடத்திவருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை எழுதியே சொல்லிவிடுகிறேன்.

மேல்நாட்டுப் பேச்சு என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆள்பவன் அத்துமீறுவான் என்ற அச்சத்தை நமக்கு யாரும் கப்பலில் கொண்டுவந்து இறக்கவில்லை. வள்ளுவர் கொடுங்கோன்மைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கி, கோலைப் பிடித்துக்கொண்டு குடிகளிடம் பொருள் கேட்கும் மன்னனை, வேலோடு வழிமறித்துக் 'கொடு' என்று நிற்கும் கள்வனுக்கு ஒப்பாக வைத்தார். சிலப்பதிகாரத்துப் பாண்டியன், பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை நம்பி, விசாரணை ஏதுமின்றிக் கோவலனைக் கொல்ல ஆணையிடுகிறான். கொல்வதற்கு முன்னால் அவையில் யாரேனும் ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, கொன்ற பிறகு அவன் மனைவி வந்து கேட்கிறாள். நம் மரபில் அரசனுக்கு வரம்பு இருந்தது. ஆனால் அந்த வரம்பு அவனுடைய நெஞ்சுக்குள் இருந்தது. தன் கோல் வளைந்தது என்று தெரிந்ததும் அரியணையிலேயே உயிர்விடும் மன்னன் காப்பியத்தில் கிடைத்தான். அப்படிப்பட்ட நெஞ்சு இல்லாதவன் அரியணையில் இருந்தால் எங்கே போய் முறையிடுவது என்பதற்கு, நெருப்பைத் தவிர அந்தக் கதையில் வேறு வழி இல்லை.

வரம்பை ஆள்பவனின் நெஞ்சிலிருந்து எடுத்து வெளியே, அவனால் அழிக்க முடியாத ஓர் இடத்தில் வைக்க வேண்டும் என்ற எண்ணம்தான் பின்னால் வந்தது. 1215-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் ஜான் மன்னனிடம் முத்திரை பெற்ற மகா சாசனம், நாட்டுச் சட்டப்படி அல்லாமல் சுதந்திர மனிதன் எவனையும் சிறைப்பிடிக்கக் கூடாது என்றது. அதன் பயனை அன்று பெரும்பாலும் பிரபுக்களே அனுபவித்தார்கள் என்பது உண்மைதான்; ஆனாலும் அந்த வாக்கியம் பிரபுக்களோடு நின்றுவிடவில்லை. 1748-இல் பிரான்ஸ் நாட்டு மான்டெஸ்கியூ, அதிகாரத்தை அதிகாரத்தால்தான் தடுத்து நிறுத்த முடியும், ஆகவே சட்டம் இயற்றுபவரும் அதை நடத்துபவரும் அதன்படி தீர்ப்புச் சொல்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்று எழுதினார்.

இந்த வரிசையில் தேர்வுக்குப் படிப்பவர்கள் தவறாமல் மனப்பாடம் செய்யும் பெயர் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். ஒருவனுடைய விருப்பத்துக்கு மாறாக அவன்மீது சமுதாயம் அதிகாரம் செலுத்துவதற்குரிய ஒரே நியாயம், அவன் பிறருக்குத் தீங்கு செய்வதைத் தடுப்பது மட்டுமே. அவனுடைய சொந்த நன்மை அதற்குப் போதிய காரணம் ஆகாது என்று 1859-இல் வந்த தம் நூலில் அவர் வாதிட்டார். பாடப்புத்தகம் பெரும்பாலும் சொல்லாத ஒரு செய்தியை நம் மண்ணைச் சேர்ந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் ஊழியர். பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து அதே கம்பெனியின் கைக்கு வந்தது. கேப்டன் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து வரி விதித்தார்கள். சுதந்திரத்துக்கு அத்தனை நுட்பமான இலக்கணம் எழுதிய மில், அந்த இலக்கணம் முதிர்ச்சியடையாத சமூகங்களுக்குப் பொருந்தாது, அவர்களைத் திருத்தும் நோக்கம் இருந்தால் எதேச்சாதிகாரமும் முறையான ஆட்சியே என்றும் அதே நூலில் எழுதினார். நம் பாட்டன்மார் அந்த விலக்குக்குள் வைக்கப்பட்டவர்கள். உங்கள் கேள்வியின் முதல் பகுதியை, தம்பி, மில் ஏற்கெனவே நமக்கு எதிராகப் பயன்படுத்திவிட்டார்: நல்லது செய்யும் நோக்கம் இருக்கிறது, ஆகவே கையைக் கட்டாதே.

அந்த ஆட்சியின் விளைவைச் சோற்றை வைத்தே அளக்கலாம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்திலேயே கடுமையாக அடிபட்ட பகுதிகளில் அன்றைய சேலம் மாவட்டமும் ஒன்று. நம் இரு மாவட்டங்களும் அதற்குள் அடக்கம். 1877-இல் நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை, நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் என்ற அளவுக்கு மேலிடத்தார் குறைத்தார்கள். நாள் முழுவதும் உழைக்கும் உடம்புக்கு அது போதாது என்று அரசின் மருத்துவ அதிகாரியே எதிர்த்து எழுதினார். ஆனால் கல் உடைத்தவனுக்கு அந்த ஆணையை எதிர்த்துக் கேட்க ஒரு மன்றமும் இல்லை, வாக்கும் இல்லை. சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் ஏற்பட்டதில்லை என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியது இதைத்தான். சோறு முதலில், சுதந்திரம் பிறகு என்று வரிசை போட்டால், அந்தச் சோறு ஏன் குறைந்தது என்று கேட்கும் வாயைத்தான் முதலில் இழக்கிறோம்.

மில்லின் கொள்கையை நான் ஒதுக்கிவிடவில்லை. எங்கே உரசுகிறது என்று பார்க்க நம் ஊரே போதும். இந்தியாவில் மதுவிலக்கைப் பரிசோதித்த தொடக்க காலக் களங்களுள் ஒன்று சேலம் மாவட்டம். 1937 அக்டோபர் 1 அன்று அங்கே அது நடைமுறைக்கு வந்தது. மில் மதுவிலக்கை எதிர்த்தவர். ஆயினும், குடியால் குடும்பத்தைக் காப்பாற்றத் தவறியவனைத் தண்டிக்கலாம், குடித்ததற்காக அன்று, கடமை தவறியதற்காக என்று ஒரு கோடு போட்டார். சட்டத்தில் அந்தக் கோடு அழகாக நிற்கிறது. ஆனால் ஜீவனாம்ச வழக்குக்காக என் முன்னால் வந்து அமர்ந்த ஒரு பெண், கணவன் அடகு வைத்திருந்த குடும்ப அட்டையை மீட்ட ரசீதை மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்ததைப் பார்த்தபோது, 'தன்னை மட்டுமே பாதிக்கும் செயல்' என்ற சொற்றொடர் ஒரு வீட்டுக்குள் எத்தனை பேரை மறைத்துவிடுகிறது என்று எனக்கு விளங்கியது. 1937-இல் தடை செய்ததும் அரசுதான், 2003 முதல் சில்லறைக் கடை திறந்து விற்பதும் அரசுதான். இரண்டு முடிவுகளிலும் அந்தப் பெண்ணிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை என்பது என் வருத்தம்.

அந்த மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி. 'நல்ல அரசுக்கு வரம்பு எதற்கு' என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கையைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது. 1959-இல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். ஒரு மனிதன் தொழில் நடத்தவும் பொருள் வாங்கவும் அதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்துக்கிடக்கும் நிலையை 'லைசென்ஸ், பர்மிட், கோட்டா ராஜ்ஜியம்' என்று பெயரிட்டு எதிர்த்தார். அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. பொருளாதாரத்தில் அவருடைய எல்லா முடிவுகளும் எனக்கு ஏற்புடையவை அல்ல. நிலமற்றவனுக்கு, சொத்துரிமை என்ற சுவர் பெரும்பாலும் மறுபக்கத்திலிருந்துதான் தெரிகிறது. ஆனால் அதிகாரம் ஓரிடத்தில் குவிவதன் ஆபத்தை அவர் அளவுக்குத் தெளிவாக அன்று பேசியவர்கள் குறைவு.

அதே ராஜாஜி 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் பதவி) இருந்தார். பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்து மறியல் செய்தவர்கள்மீது அவருடைய அரசு ஏவியது 1932-ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டம். காங்கிரஸ்காரர்களின் மறியலை ஒடுக்க வெள்ளைக்கார அரசு வைத்திருந்த, காங்கிரசே அடக்குமுறை என்று கண்டித்த சட்டம் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள், பெரியாரும் போனார். நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தின்போது நோயுற்று 1939-இல் இறந்தார்கள். பின்னர் 1951-இல், விசாரணையின்றிச் சிறைவைக்க வழிசெய்யும் தடுப்புக்காவல் சட்டத்தின் ஆயுளை நீட்டிக்கும் மசோதாவை நாடாளுமன்றத்தில் முன்னின்று நடத்தியவரும், உள்துறை அமைச்சராக இருந்த அவரே. இதை நான் அவரைச் சிறுமைப்படுத்தச் சொல்லவில்லை. நாணயமும் எளிமையும் கல்வியும் ஒருங்கே அமைந்த மனிதர் அவர். சுதந்திரத்தை அவ்வளவு ஆழமாக நேசித்த ஒருவருக்கே, ஆட்சி நாற்காலியில் அமர்ந்தபோது, எதிரே இருப்பவனை அடைத்துவைப்பது நாட்டுக்கு நல்லது என்று மனதாரத் தோன்றியது என்றால், வரம்பை மனிதனின் குணத்தில் வைக்க முடியாது என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

இன்னொரு சான்றும் உண்டு. 1975 முதல் 1977 வரை நீடித்த நெருக்கடிநிலையில், சட்டவிரோதக் காவலை எதிர்த்துப் போடும் ஆட்கொணர்வு மனுவுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது, நீதிபதி எச். ஆர். கன்னா மட்டும் மறுத்தார். (2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது.) சுதந்திரத்தை மீட்பதாகச் சொல்லி மக்கள் வாக்கோடு ஜனதா அரசு வந்தது. வந்த சில மாதங்களிலேயே அது இந்திரா காந்தியின் மருமகள் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் 'பொதுநலன் கருதி' முடக்கிவிட்டு, காரணம் சொல்ல மறுத்தது. அந்த வழக்கில்தான் 1978-இல், ஒருவரின் தனிச் சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை, சட்டத்தில் எழுதியிருந்தால் மட்டும் போதாது, நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 1950-இல் சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனுக்கு மறுக்கப்பட்ட வாதம் அது. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்துத்தான் வென்றது.

வரம்பு கேட்பது அரசைப் பலவீனமாக்குவது என்று ஒரு தவறான எண்ணம் உண்டு. மனிதனின் கழுத்தைப் பிடிக்கும் கை எப்போதும் அரசின் கையாக இருப்பதில்லை. 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த ஒரு திருமணத்தின் பேரில், நம் தருமபுரிக்கு அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் வீடுகள் எரிக்கப்பட்டன. வயது வந்த இருவர் தம் துணையைத் தேர்ந்தெடுப்பதற்கு ஊரிடமோ சாதியிடமோ அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் திட்டவட்டமாகச் சொன்னது. ஆனால் அந்த இருவர் காவல் நிலையத்துக்கு வந்து நிற்கும் இரவில், வெளியே ஐம்பது பேர் திரண்டிருக்கும்போது, அந்தத் தீர்ப்புக்கு உயிர் கொடுக்க உறுதியான ஓர் அரசு தேவைப்படுகிறது. கூட்டத்துக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கவும், தனியாக நிற்பவன் முன்னால் தன்னை அடக்கிக்கொள்ளவும் தெரிந்த அரசைத்தான் நான் வலிமையான அரசு என்பேன். நம் ஊரில் பல நேரங்களில் இது தலைகீழாக நடக்கப் பார்த்திருக்கிறேன்.

சுதந்திரம் வயிறு நிறைந்தவர்களின் பேச்சு என்றீர்கள். அரூர் வட்டத்தில், சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்திக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை பதுக்கியிருப்பதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். ஆட்களை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களுள் பள்ளிச் சிறுமியும் ஒருத்தி. குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாகி, பெண்கள் அரூர் வனத்துறை அலுவலகத்தில் வைக்கப்பட்டு, பின்னர் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ஊராரும் வாக்காளர்கள்தான். அன்று நடந்தது தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி. பெரும்பான்மை வாக்கில் அமைந்த அரசு, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சிற்றூரைக் காப்பாற்றும் என்பதற்கு அந்தப் பெரும்பான்மை எந்த உத்தரவாதமும் தரவில்லை. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றுதான் அரசுத் தரப்பு முதலில் சொன்னது.

அதன்பின் நடந்ததைத்தான் நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் அந்த ஊருக்குச் சென்று கேட்டு எழுதினார்கள், நீதிமன்றத்தை நாடினார்கள். 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 269 அரசு ஊழியர்கள் குற்றம்சாட்டப்பட்டார்கள்: வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று அறிவித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், தாமே வாச்சாத்திக்கு வந்து ஊரைப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா பத்து லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும், அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார்.

முப்பத்தோர் ஆண்டுகள். இந்தத் தாமதத்தை நான் நியாயப்படுத்தமாட்டேன். அதுவும் ஒரு வன்முறைதான். இருந்தாலும், சீருடையோடு வந்தவர்களைச் சுட்டிக்காட்டி 'இவர்தான்' என்று ஒரு மலைக்கிராமத்துப் பெண்ணால் சொல்ல முடிந்ததென்றால், அதற்குக் காரணம் அரசு மனம் இரங்கியது அன்று. மாவட்ட நிர்வாகத்தின் மூன்று கைகளும் ஒன்றாகச் சேர்ந்துகொண்ட இடத்தில், அந்தக் கைகளுக்குக் கட்டுப்படாத ஒரு நீதிமன்றமும், ஆட்சிக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் ஒரு கட்சியும், பயப்படாத ஒரு சங்கமும் இருந்தன. மான்டெஸ்கியூ எழுதியதன் பொருளை நான் புத்தகத்தில் படித்தது கல்லூரியில். புரிந்துகொண்டது அந்த வழக்கில்.

இனி உங்கள் தேர்வுக்கும் பயன்படும் ஒன்று. கைதானவரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்பின் 22-ஆவது பிரிவு. 21-ஆவது பிரிவில் 'உரிய சட்ட முறை' (due process) என்ற வலுவான சொல்லை அரசியல் நிர்ணய சபை கைவிட்டபோது, அதற்கு ஈடாகவே இந்தப் பாதுகாப்புகளைச் சேர்ப்பதாக 1949-இல் அம்பேத்கர் சொன்னார். அதே 22-ஆவது பிரிவு தடுப்புக்காவலுக்கும் கதவு திறந்துவைத்திருக்கிறது. நாம் குண்டர் சட்டம் என்று சொல்லும் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடும் ஆணையை மாநில அரசும் ஆலோசனைக் குழுமமும் ஏற்றால், ஒருவரை ஓராண்டு வரை விசாரணையின்றி வைத்திருக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், முன்பு முதல் பதினைந்து நாள்களுக்குள் முடிந்துவிட வேண்டிய போலீஸ் காவலை, வழக்கைப் பொறுத்து முதல் நாற்பது அல்லது அறுபது நாள்களுக்குள் பிரித்துப் பிரித்துக் கேட்க இடம் தருகிறது. காவல் நிலையத்துக்கு மறுபடியும் அழைத்துப்போவார்களோ என்ற அச்சம் எத்தனை நாள் நீளும் என்பதைத்தான் இந்த எண் தீர்மானிக்கிறது. அது கவலைக்குரிய மாற்றம் என்பது என் உறுதியான கருத்து.

அந்த அச்சம் எப்படி இருக்கும் என்று நான் அருகில் நின்று பார்த்தது சில ஆண்டுகளுக்கு முன், மாம்பழப் பருவத்தில். ஞாயிற்றுக்கிழமை மாலை, ரிமாண்டுக்காக, அதாவது காவலில் வைக்க உத்தரவு பெறுவதற்காக, ஓர் இளைஞனை மாஜிஸ்திரேட்டின் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். மாங்கூழ் ஆலையில் தினக்கூலி. கைகளில் மாம்பால் பட்ட கறுப்புத் தழும்புகள். இருசக்கர வாகனத் திருட்டு வழக்கு. தாள்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன, கைதுக் குறிப்பில் தாயின் கையெழுத்து உட்பட. "யாராவது அடித்தார்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அவன் அவரைப் பார்க்கவில்லை; பக்கத்தில் நின்ற காவலரைப் பார்த்துவிட்டு, "இல்லைங்க" என்றான். பெரும்பாலான ரிமாண்டுகள் அந்தச் சொல்லோடு முடிந்துவிடும். வாச்சாத்திப் பெண்களும் சிறைக்குப் போகும் வழியில், மாஜிஸ்திரேட் முன் நிற்கும் இதே கட்டத்தைக் கடந்துதான் போயிருப்பார்கள்.

அந்த மாஜிஸ்திரேட் பேனாவை மூடி வைத்தார். காவலர்கள் எல்லோரையும் வாசலுக்கு வெளியே போகச் சொல்லி, கதவைத் தாமே எழுந்து சாத்தினார். திரும்பி வந்து, தண்ணீர் கொடுத்து, அதே கேள்வியை அதே சொற்களில் மறுபடியும் கேட்டார். இளைஞன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினான்.